உரிமம் வாங்கியவர்கள்

அன்புள்ள ஐயா,

டெக் நிறுவனங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'புதுமை' என்கிறீர்கள். ஊபர் புதிதாக என்ன செய்தது? மற்றவர்கள் டாக்ஸி உரிமம் வாங்கி ஓட்டினார்கள், இவர்கள் வாங்காமல் ஓட்டினார்கள். அவ்வளவுதானே?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அவ்வளவுதான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வண்டி எந்தத் தெருவில் வருகிறது என்று போனிலேயே தெரிவது உண்மையான புதுமை. மழையில் கைநீட்டியபடி நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் அந்தச் செயலியைப் பழைய டாக்ஸி கம்பெனிகளும் செய்திருக்கலாம். ஊபர் முந்தியது வேறு வழியில். உரிமம் இல்லாமல் டாக்ஸி நடத்தக் கூடாது என்று 2010 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ அதிகாரிகள் நோட்டீஸ் அனுப்பினார்கள். 'ஊபர்கேப்' என்ற பெயரிலிருந்து 'கேப்' போனது, வண்டிகள் நிற்கவில்லை. சட்டத்துக்குக் காத்திருந்த போட்டியாளர்கள் பின்தங்கினார்கள். அப்புறம் 2017இல் 'கிரேபால்' விவகாரம் வெளியே வந்தது. சோதனைக்கு வரும் அதிகாரி யார் என்று கண்டுபிடித்து, அவர் போனில் மட்டும் போலி வண்டிகளைக் காட்டிய மென்பொருள் அது. அதை எழுதியவர்களும் கெட்டிக்காரப் பொறியாளர்கள்தான். அந்தக் கெட்டிக்காரத்தனம் இதற்கா செலவாக வேண்டும் என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, எல்லா விதியும் நல்ல விதியா? இல்லை. நியூயார்க்கில் 1937இல் வந்த சட்டம் டாக்ஸிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. 'மெடாலியன்' என்ற உரிமத்தகடு உள்ள வண்டிதான் தெருவில் ஆளேற்றலாம் என்று இருந்தது. பயணிகளைவிடத் தகடு வைத்திருந்த முதலாளிகளுக்குத்தான் அதனால் லாபம். ஊபர் வந்து அந்த வரம்பு உடைந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

என் வருத்தம் கடன் வாங்கித் தகடு வாங்கிய ஓட்டுநர்களைப் பற்றியது. பெரும்பாலும் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2014இல் ஒரு தகடு 10 லட்சம் டாலருக்கு மேல் போனது. 2018இல் 2 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. கடன் கொடுத்தவர்கள் விலையை ஊதிவிட்டதும் அதற்கு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனாலும் அரசின் விதியை நம்பிப் பணம் போட்டவர்கள் இவர்கள். 2018இல் நியூயார்க்கில் சில ஓட்டுநர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 2021இல் ஓட்டுநர்கள் மாநகராட்சி வாசலில் 15 நாள் உண்ணாவிரதம் இருந்த பிறகுதான், அவர்களுடைய கடனை 1,70,000 டாலராகக் குறைக்க ஏற்பாடு செய்து, அந்தக் கடனுக்கு நகரம் உத்தரவாதம் கொடுத்தது.