ஜப்பானியத் தூரிகை எழுத்தில் எந்தக் கான்ஜியில் (சீனத்திலிருந்து ஜப்பானுக்கு வந்த எழுத்துக்களில் ஒன்றில்) தொடங்கலாம்? எல்லா கான்ஜியும் படம்தானா?

'ஏய்' (永) என்ற எழுத்தில் தொடங்குங்கள். அதட்டுவது போலக் கேட்டாலும் பொருள் 'என்றென்றும்'தான். அடிப்படைக் கோட்டு வகைகள் எட்டும் அதில் அடக்கம் என்பார்கள். கோட்டின் முடிவுதான் கஷ்டம்: அழுத்தி நிறுத்தினால் 'தோமே', சுண்டி எடுத்தால் 'ஹானே', மெல்லத் தேய்த்து விட்டால் 'ஹராய்'. கோணலாகிவிட்டதே என்று மேலே மறுபடி மை தீட்டாதீர்கள், காய்ந்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் பொருள். மரத்தருகே மனிதன் இருந்தால் 'ஓய்வு', மூன்று மரம் சேர்ந்தால் காடு. அழகுதான், ஆனால் எல்லாமே இப்படி என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலான கான்ஜிகளில் ஒரு பாதி பொருளையும் மறுபாதி ஒலியையும் குறிக்கும். செம்புக்கான எழுத்தில் இடப்பக்கம் உலோகம். வலப்பக்கம் இருப்பது 'தோ' என்ற உச்சரிப்புக்காக.