பத்துப் பேரும் தூங்கினார்கள்

அன்புள்ள ஐயா,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி. சில மாதங்களாக இயேசுவின் இரண்டாம் வருகையைப் பற்றிய பிரசங்கங்களைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். இந்த வருடமே ஆண்டவர் வந்துவிடுவார் என்று ஒருவர் வசனக் கணக்கோடு சொல்கிறார். அதைக் கேட்ட நாள் முதல் இரவில் தூக்கமில்லை. நான் தூங்கும் நேரத்தில் அவர் வந்து, நான் கைவிடப்பட்டுவிட்டால்? பாடப் புத்தகத்தைத் திறந்தால், முடிக்கப்போகாத படிப்பு எதற்கு என்று தோன்றுகிறது. படிப்பை விட்டுவிட்டு முழு நேரமும் ஜெபத்தில் இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லலாம், ஆனால் அவளோடு பேச்சு நின்று இரண்டு வருடமாகிறது. நான் ஆயத்தமாக இருக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயத்தை நான் அறிவேன். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். பள்ளி விட்டு வந்தபோது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை. அந்த வாரம்தான் ஆலயத்தில் வருகையைப் பற்றிக் கேட்டிருந்தேன். எல்லோரும் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், நான் மட்டும் மிஞ்சிவிட்டேன் என்று நினைத்து, கத்திக்கொண்டே வீட்டின் பின்பக்கம் ஓடினேன். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சோப்பு நுரை. நான் ஏன் அழுகிறேன் என்று கேட்காமல் அந்தக் கையோடே என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். சட்டை முதுகில் ஈரமாக ஒட்டியது இன்னும் நினைவிருக்கிறது.

மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் இரண்டு பெண்கள் மாவு அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி ஏற்றுக்கொள்ளப்படுகிறாள், ஒருத்தி கைவிடப்படுகிறாள். பயத்தோடு வாசிக்கும்போது ‘கைவிடப்படுவாள்’ என்ற சொல்லிலேயே கண் நின்றுவிடுகிறது. எனக்கும் பல வருடம் அப்படித்தான். பிறகு ஒருநாள்தான் கவனித்தேன், ஏற்றுக்கொள்ளப்பட்டவளும் மாவு அரைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் மலையுச்சியில் உபவாசம் இருந்ததாக இயேசு சொல்லவில்லை. அவள் கையிலும் மாவு ஒட்டியிருந்திருக்கும். என் அம்மாவின் சோப்புக் கை அன்றிலிருந்து எனக்கு வேறு விதமாகத் தெரிகிறது.

தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னிகைகளின் உவமையை நிதானமாகத் திரும்ப வாசியுங்கள். ‘மணவாளன் வரத் தாமதித்தபோது, அவர்களெல்லாரும் நித்திரைமயக்கமடைந்து தூங்கிவிட்டார்கள்’ என்று இருக்கிறது. எல்லாரும்! புத்தியுள்ள ஐந்து பேரும் தூங்கினார்கள். அதற்காக அவர்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை. நடுராத்திரியில் சத்தம் கேட்டபோது அவர்கள் பாத்திரத்தில் எண்ணெய் இருந்தது, எழுந்து போனார்கள். விழித்திருங்கள் என்ற கட்டளையோடுதான் அந்த உவமை முடிகிறது, ஆனாலும் தூங்கியவர்கள் உள்ளே போகிறார்கள். ஆகவே விழித்திருப்பது என்பது கண்ணை மூடாமல் கிடப்பதாக இருக்க முடியாது. தூங்கப் போகுமுன் எண்ணெய் இருக்கிறதா என்பதே கேள்வி.

அந்த எண்ணெய் எது? பரிசுத்த ஆவி என்பார்கள், விசுவாசம் என்பார்கள், நற்கிரியை என்றும் சொல்வார்கள். எனக்கு அந்த விவாதத்தைவிட முக்கியமாகப் படுவது, பாத்திரத்தில் எண்ணெய் கொண்டுவராத மற்ற ஐந்து பேரால் அதைக் கடைசி நேரத்தில் கடன் வாங்க முடியவில்லை என்பது. புத்தியில்லாதவர்களுடைய தீவட்டிகளும் முதலில் எரிந்தவைதான். எண்ணெய் வற்றிய விளக்கை அருகில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? சுடர் சட்டென்று அணைவதில்லை. கொஞ்ச நேரம் திரியே கருகிப் புகைந்து எரியும், பிறகுதான் அணையும். தேதி சொல்லி எழுப்பப்படும் பக்தி அப்படித்தான் எரிகிறது. அந்த நாள்வரை மிகப் பிரகாசமாக, அதன் பிறகு புகை.

தேதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ‘அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்’ என்று ஆண்டவரே முடித்துவிட்ட விஷயம் அது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கணக்கிலிருந்து எழுந்த இயக்கம், கடைசியாக 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தது. சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். மறுநாள் வழக்கம்போல் விடிந்தது. 2011 மே 21 என்று அறிவித்த அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங், அப்படி அறிவித்தது பாவம் என்று 2012இல் தாமே ஒப்புக்கொண்டார். அவரை நம்பிச் சேமிப்பைச் செலவழித்தவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நீங்கள் கேட்கும் பிரசங்கத்தை இன்றே நிறுத்திவிடுங்கள்.

படிப்பை விடலாமா என்ற கேள்வி புதியதல்ல. அப்போஸ்தலர் காலத்திலேயே தெசலோனிக்கேயா பட்டணத்துச் சபையில் சிலர் வேலை செய்யாமல் ஒழுங்கற்றுத் திரிந்தார்கள். ஆண்டவருடைய நாள் வந்தேவிட்டது என்ற பேச்சும் அந்தச் சபையைக் கலக்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பவுல் சொன்னது: அமைதலோடு வேலை செய்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். வருகையைப் பற்றி அவ்வளவு எழுதிய அதே பவுல்.

1780 மே 19 அன்று அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் பட்டப்பகலில் இருட்டிவிட்டது. காட்டுத் தீயின் புகை. அது அப்போது பலருக்குத் தெரியாது. நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்டது என்று பலரும் நடுங்கினார்கள். கனெக்டிகட் ஆட்சி மன்றத்தில் கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்று பேச்சு எழுந்தது. ஆபிரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர் மறுத்தார். நியாயத்தீர்ப்பு நாள் வரவில்லையென்றால் ஒத்திவைக்கக் காரணமில்லை. வந்துவிட்டதென்றால் என் கடமையைச் செய்துகொண்டிருக்கிறவனாகவே காணப்பட விரும்புகிறேன், மெழுகுவர்த்தி கொண்டுவாருங்கள் என்றார். சகோதரி, நாளை நீங்கள் ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருக்கும்போது எக்காளம் தொனித்தால், அதைவிட நல்ல இடத்தில் உங்களை ஆண்டவர் காண முடியுமா?

பவுல் இந்த வருகைக்கு வைத்த பெயர் ‘ஆனந்த பாக்கியம்’. ‘கர்த்தராகிய இயேசுவே, வாரும்’ என்று வேதத்தின் கடைசிப் பக்கத்தில் ஆசையாகக் கூப்பிடுகிறார்கள். உங்களால் இன்று அப்படிக் கூப்பிட முடியவில்லை. ஏன் என்று யோசித்தபடி உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். தூக்கத்தைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் பல வரிகள் எழுதிய நீங்கள், அக்காவை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தவறு அவள் பக்கமாகவும் இருக்கலாம். ஆனால் நியாயத்தீர்ப்பு நாளில் நமக்குத் தைரியம் உண்டாவதைப் பற்றி யோவான் எழுதும்போது அன்பைப் பற்றித்தான் எழுதுகிறார். பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்பதும் அங்கேதான் வருகிறது. அதே பத்தியின் முடிவில், கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராதவன் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்ற கேள்வியும் இருக்கிறது. 1 யோவான் 4, 17ஆம் வசனத்திலிருந்து அதிகாரத்தின் கடைசிவரை ஒரே மூச்சில் வாசியுங்கள்.

இன்று இரவு அக்காவை அழையுங்கள். வருகையைப் பற்றியோ பழைய சண்டையைப் பற்றியோ பேச வேண்டாம். சாப்பிட்டாளா என்று மட்டும் கேளுங்கள். அவள் எடுக்காவிட்டால் நாளை மறுபடி அழையுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.