வழக்கு போட்டு அரசுக் கொள்கையை மாற்ற முடியுமா?

கேள்வி: மதுரையில் சட்டம் படிக்கிறேன். பிழைக்க வெளியூர் போனவர்கள், ஆட்கடத்தலில் சிக்கி மீண்டவர்கள், பெண்கள் ஆகியோருக்காக அரசின் கொள்கையையே கேள்வி கேட்கும் வக்கீலாக ஆசை. அதில் நிஜமாக என்ன வேலை இருக்கும்? வழக்கால் ஏதாவது மாறுமா?

மாறும் தம்பி (தங்கையாகவும் இருக்கலாம், பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை). ஆனால் பெரும்பாலும் மாறுவது ஏதோ ஒரு படிவத்தில் ஒரு வரியாக இருக்கும். அதற்கே சில வருஷம் ஓடிவிடும். அதற்குப் பொறுமை இருந்தால் மேலே படியுங்கள்.

நான் ஒத்தக்கடையில், யானைமலையைப் பார்த்தபடி இருக்கும் உயர்நீதிமன்றக் கிளையில் தொழில் செய்கிறவள். 2004 ஜூலையில் அது திறக்கும்வரை, கன்னியாகுமரிக்காரர் ஒரு ரிட் மனு (அரசின் செயலைக் கேள்வி கேட்டு நேராக உயர்நீதிமன்றத்தில் போடும் மனு) போட வேண்டும் என்றாலும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். இன்றைக்கு உசிலம்பட்டியிலிருந்து ஒரு அம்மா காலையில் பஸ் ஏறி, வழக்கை விசாரணைக்கு எடுக்கும்போது கோர்ட்டில் உட்கார்ந்திருக்க முடிகிறது. என் கணக்கில் இதுவே பெரிய கொள்கை மாற்றம்.

அப்படி வந்த ஓர் அம்மாவின் கதையைச் சொன்னால் மற்றது தானாக விளங்கும்.

'முறுக்குக் கம்பெனி' என்றால் உசிலம்பட்டி, சேடபட்டிப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழை பொய்த்த வருஷம் பார்த்து ஏஜெண்ட் வருவார். அநேகமாகச் சொந்தக்காரராகவே இருப்பார், மாமன் முறை, சித்தப்பன் முறை. வீட்டில் ஒரு தொகையை முன்பணமாக வைத்துவிட்டு, பையனை மகாராஷ்டிரா, குஜராத் பக்கம் கூட்டிப் போவார். விடியற்காலையில் மாவு பிசைவதில் ஆரம்பித்து ராத்திரி எண்ணெய்ச் சட்டி கழுவும்வரை வேலை. கடத்தல் என்ற சொல்லை அந்த ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'முறுக்குக்கு விட்டிருக்கோம்' என்பார்கள், ஆட்டை மேய்ச்சலுக்கு விட்ட மாதிரி.

இந்த அம்மாவின் மகனுக்குப் போகும்போது 14 வயது. முன்பணம் முப்பதாயிரம். வடக்கே ஏதோ ஒரு ஊரில் அதிகாரிகள் சோதனை போட்டு அவனை மீட்டு ரயில் ஏற்றி அனுப்பினார்கள். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எண்ணெய் தெறித்த தழும்பு, கடுகு இறைத்த மாதிரி. கையில் ஒரு தாள். அதில் 'குழந்தைத் தொழிலாளர்' என்று இருந்தது. 'கொத்தடிமைத் தொழிலாளர்' என்று இல்லை.

இந்தச் சொல் வித்தியாசத்தில்தான் என் தொழிலே நடக்கிறது. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி விடுவிப்புச் சான்று கிடைத்தால், 6-ஆம் பிரிவின்படி அந்த முன்பணக் கடன் அதோடு செத்துப்போகும். செத்த கடனை வசூலிப்பது 9-ஆம் பிரிவில் குற்றம், மூன்று வருஷம்வரை சிறை. மத்திய அரசின் 2016 மறுவாழ்வுத் திட்டத்தில் ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், ஆட்கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமையான நிலையிலிருந்து மீண்டவர்களுக்கு மூன்று லட்சம். 'குழந்தைத் தொழிலாளர்' என்று எழுதிய தாளை வைத்துக்கொண்டு இதில் எதையும் கேட்க முடியாது. அந்தத் தாளை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருப்பார் என்றும் நான் நினைக்கவில்லை. கொத்தடிமை என்று எழுதினால் விசாரணை, அறிக்கை, மேலிடத்துக் கேள்வி எல்லாம் கூடவே வரும். மற்றதை எழுதினால் அன்றைக்கே ரயில் ஏற்றிவிடலாம்.

அம்மாவுக்கு இரண்டு லட்சமெல்லாம் அப்போது பெரிதாகப் படவில்லை. சனிக்கிழமைதோறும் ஏஜெண்ட் வாசலில் வந்து நின்று மீதி முன்பணத்தைக் கேட்கிறார், அது நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் செய்த தப்பு இங்கேதான். ஜூனியர் வேகத்தில், 'மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்' என்று ரிட் மனு போட்டேன். முதல் நாளே முடிந்தது: 12 வாரத்தில் தகுதியின் அடிப்படையில் பரிசீலித்து முடிவெடுக்கவும். கோர்ட் வாசலில் டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. பரிசீலித்தார்கள். 'மீட்கப்பட்ட இடம் இந்த மாவட்ட எல்லைக்குள் வராததால் நிராகரிக்கப்படுகிறது' என்று ஒற்றை வரி வந்தது. அந்த அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'ஏன் வக்கீலம்மா, இதுக்கா அம்புட்டுப் பேரு கறுப்புக் கோட்டு போட்டு நின்னீக?' என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

'பரிசீலிக்க' என்று கேட்டால் பரிசீலனைதான் கிடைக்கும். இதை எந்தச் சட்டக் கல்லூரியும் சொல்லித் தராது, அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது முறை வேறு மாதிரிப் போனோம். நிராகரித்த உத்தரவை ரத்து செய்யக் கேட்டோம். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியல் சாசனம் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதைக் காட்டினோம். கட்டாய உழைப்பு நிரூபணமானால் அதன் பின்னால் ஒரு முன்பணம் இருப்பதாகவே அனுமானிக்கலாம் என்று 1983 டிசம்பரில் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் வந்ததையும் வைத்தோம். கொத்தடிமைக் கடன் இல்லை என்று காட்டும் பொறுப்பு கொடுத்தவன் தலையில்தான் என்கிறது 15-ஆம் பிரிவு. அதுவரை எல்லா அலுவலகமும் அந்த அம்மாவிடம்தான் 'பத்திரம் இருக்கா?' என்று கேட்டுக்கொண்டிருந்தது. மாமன் முறைக்காரரிடம் யார் பத்திரம் எழுதுவார்கள்?

பக்கவாட்டில் பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சில மனுக்களும் போட்டோம்: வெளிமாநிலத்தில் மீட்கப்பட்டு ஊர் திரும்பிய பிள்ளைகள் எத்தனை, விடுவிப்புச் சான்றோடு வந்தவர்கள் எத்தனை? ஒரு அலுவலகத்தின் பதில் 'அத்தகைய விவரங்கள் தொகுக்கப்படவில்லை'. ஜூனியர் பெண் சோர்ந்துபோய்க் கொண்டு வந்தாள். எனக்கோ அது லட்டு. எண்ணிக்கையே வைத்துக்கொள்ளாமல் எப்படி மறுவாழ்வு கொடுக்கிறீர்கள் என்று அரசு வழக்கறிஞரிடம் கோர்ட் கேட்டபோது, ஒரு பையனின் வழக்கு அந்தத் தாலுகாவின் வழக்காகிவிட்டது. இங்கேயே ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அம்மாவையும் பையனையும் விசாரித்து, அறிக்கையை அங்குள்ள அதிகாரிக்கு அனுப்பிச் சான்று பெற்றுத்தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. சான்று வரும்போது பையனுக்கு மீசை முளைத்திருந்தது. ஊர் திரும்பும் பிள்ளைகளை விசாரிக்கும் படிவத்தில் 'முன்பணம்: யார், எவ்வளவு' என்று ஒரு கட்டம் புதிதாகச் சேர்ந்தது. நான் மாற்றிய கொள்கை எங்கே என்று கேட்டால் அந்தக் கட்டத்தைத்தான் காட்டுவேன்.

பணம்? உடனடி உதவி வந்தது (2016-ல் இருபதாயிரமாக இருந்தது, 2022 முதல் முப்பதாயிரம்). மீதித் தொகையை முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது 2016 திட்டம். சாட்சி இங்கே, கோர்ட் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. என் இப்போதைய சண்டை அந்த முடிச்சோடுதான்.

கோர்ட்டுக்கு வெளியிலும் வேலை உண்டு. 2018-ல் மக்களவை நிறைவேற்றிய ஆட்கடத்தல் மசோதா மாநிலங்களவையைத் தாண்டாமலே 2019-ல் காலாவதியானது. 2021-ல் புது வரைவு போட்டு, கருத்துச் சொல்ல இரண்டு வாரம் மட்டும் கொடுத்தார்கள், அதுவும் கொரோனாக் காலத்தில். நாங்கள் வரைவைத் தமிழில் வாய்விட்டுப் படித்து, மீண்டு வந்த பெண்களிடம் கேட்டு எழுதினோம். காப்பகம் பற்றிய பகுதி வந்ததும் ஒருத்தி குறுக்கிட்டாள்: 'அங்கேயும் பூட்டு வெளிப்பக்கம்தான்க்கா இருந்துச்சு.' அதை அப்படியே எழுதி அனுப்பினோம். 2022 மே மாதம், பாலியல் தொழிலாளர் வழக்கில், வயதுவந்த பெண்களை விருப்பத்துக்கு மாறாகக் காப்பகத்தில் வைத்திருப்பதைக் கணக்கெடுத்து விடுவிக்க உச்சநீதிமன்றம் உத்தரவிட்டபோது அவளுக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

சில சமயம் சட்டத்தை உள்ளபடி படித்தாலே போதும். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுத்தார்கள், பெற்றோர் இலங்கை அகதிகள் என்பதால். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று குடியுரிமைச் சட்டம் 3-ஆம் பிரிவு அப்பட்டமாகச் சொல்கிறது. 2022-ல் எங்கள் கிளை அதைப் படித்துப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. ஆனால் அதே முகாமில் 1988-ல் பிறந்தவருக்கு இந்த வாதம் உதவாது. பக்கத்து வீடு, இரண்டு வயது வித்தியாசம். அந்த இடத்தில் வழக்கு நின்றுவிடும், அதற்குமேல் நாடாளுமன்றம்தான்.

காசு விஷயமும் கேட்பீர்கள். சுமார்தான். பெண்களுக்கும் ஆட்கடத்தலில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் (1987) 12-ஆம் பிரிவில் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. அந்த உதவிக்கான வக்கீல் பட்டியலில் பெயர் கொடுங்கள். வாடகைக்குச் சொத்து வழக்கும் எடுங்கள், தப்பில்லை.

சேர்வதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போய், வெளியே மனு எழுதிக் கொடுப்பவர் பக்கத்தில் உட்காருங்கள். முறுக்குக்கார அம்மாவின் முதல் மனு அப்படித்தான் எழுதப்பட்டது. 'பொருள்: கருணை உதவித்தொகை வேண்டுதல்' என்று எழுதிக் கொடுத்தவர் போட்டிருந்தார். அதனால் கோப்பு முதியோர் ஓய்வூதியம் பார்க்கும் பிரிவுக்குப் போய் ஏழு மாதம் தூங்கியது. இப்போது அவரிடம் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வடக்கே இருந்து திரும்பிய பிள்ளை என்றால் பொருள் வரியில் 'கொத்தடிமை விடுவிப்புச் சான்று கோருதல்' என்று போடச் சொல்லி. போன வாரம் போனபோது அட்டையில் டீ கொட்டியிருந்தது, ஆனாலும் பார்த்துதான் எழுதிக்கொண்டிருந்தார்.