தோழியின் காதை வீட்டில் வைத்து நானே குத்திவிடலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: தோழிக்குக் குழந்தையாக இருந்தபோது குத்திய காது தூர்ந்துவிட்டது, கடைக்குப் போகக் கூச்சப்படுகிறாள், தையல் ஊசியை நெருப்பில் காட்டி நானே குத்திவிடட்டுமா?

வேண்டாம். நான் மருத்துவரும் அல்ல, தாதியும் அல்ல. ஆனால் இதே காரியத்தை இதே ஊசியால் செய்தவள். அதனால் சொல்கிறேன்.

நீங்கள் ஒரு பெண் என்றும், இருபது வயதைச் சுற்றி இருப்பீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அப்போது பதினேழு. ஆண்டு 1993. மலேசியாவில், சுங்கை சிப்புட் ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டம். எங்கள் லயத்துக்கு (சுவரோடு சுவர் ஒட்டிய தொழிலாளர் வீட்டு வரிசை) அடுத்த லயத்தில் என் தோழியின் வீடு. அவளுடைய அப்பா கால் முறிந்து படுத்தபோது அவளுடைய தோடு அடகுக் கடைக்குப் போனது. மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி, ஆறு மாதத் தவணை. இரண்டு முறை வட்டி மட்டும் கட்டிச் சீட்டைப் புதுப்பித்தார்கள். அதுவரை துளை மூடாமல் இருக்கத் துடைப்பத்து ஈர்க்கை ஒடித்துக் காதில் செருகியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் யாரோ அதைப் பார்த்துச் சிரிக்கவும், பிடுங்கி எறிந்துவிட்டாள். வலது காது தப்பியது. இடது காதின் சோணை, அதாவது அடிமடல், அடியோடு தூர்ந்துபோயிற்று.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் என்னிடம் வந்தாள். அவளுடைய அம்மா ஓய்வு நாளிலும் ரப்பர்ப் பால் வெட்டப் போய்த் தோட்டை மீட்கப் பணம் சேர்த்துவிட்டார்களாம். அவர்கள் தோட்டைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும்போது காதில் துளை இருக்க வேண்டும். தூர்ந்தது அம்மாவுக்குத் தெரியவே கூடாது. அவள் என் வீட்டுக்கு வந்ததற்கு இதுதான் காரணம். பத்தருக்குக் கொடுக்க ஐந்து ரிங்கிட் எப்படியாவது புரட்டியிருப்போம். டவுனில் பத்தரிடம் போனால் மாலைக்குள் லயம் முழுவதும் தெரிந்துவிடும் என்றுதான் பயந்தாள். உங்கள் தோழி எதற்காகக் கூச்சப்படுகிறாள் என்று முதலில் கேளுங்கள். காதைவிட அதுதான் முக்கியமாக இருக்கலாம்.

நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பால் வெட்டப் போவேன். பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம், எங்கே கத்தியை நிறுத்த வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். உள்மரத்தில் கத்தி பட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது, முண்டு முண்டாகக் கட்டிக்கொள்ளும். பிறகு அங்கே கத்தி ஓடாது. என் மரத்தில் மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், ஒருநாளும் குறை சொன்னதில்லை. அந்தக் கைக்கு ஒரு காது என்ன பெரிது என்று நினைத்தேன்.

அம்மாவின் ஊசியைச் சாமி விளக்குச் சுடரில் காட்டினேன். கரி படிந்தது. துணியால் துடைத்தேன். அத்தோடு சுடரில் காட்டியதற்குப் பொருளே இல்லாமல் போய்விட்டது என்று இப்போது தெரிகிறது. சாமான் கடையில் ஐஸ் வாங்கிச் சோணையின் இரு பக்கமும் வைத்தோம். பின்னால் ஓர் உருளைக்கிழங்குத் துண்டு. முன்தோல் சட்டென்று வழிவிட்டது. நடுச்சதையும் விட்டது. பின்தோலில் ஊசி நின்றுவிட்டது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை: பின்தோல் இழுத்துக்கொண்டு நிற்கும், ஊசி போகாது. அவள் தலையை இழுத்தாள். நான் விட்டிருக்க வேண்டும். விடாமல் மறுபடி அழுத்தினேன். ஊசி சரிந்து, குறித்த இடத்துக்குக் கீழே வெளியே வந்தது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தோய்த்த நூலைக் கோத்து முடிச்சுப் போட்டோம். அவள் ஒரு சத்தமும் போடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் சோணை நாவற்பழம் போல் ஆகிவிட்டது. சீழ் காய்ந்து நூல் சதையோடு ஒட்டிக்கொண்டது. அவள் பின்னலை இழுத்துக் காதை மறைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். ஐந்தாம் நாள் காய்ச்சல். அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று.

கிளினிக்கில் நூலை வெட்டி எடுத்த மருத்துவர், “தோட்டத்து ஆட்கள் எப்போதும் இப்படித்தான்” என்று எங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார். என் தப்புக்கு என்னைத் திட்டியிருக்கலாம், அதை நான் வாங்கிக்கொள்வேன். ஒரு தோட்டத்தையே ஏன் திட்ட வேண்டும்? அவர் கையில் மாட்டியிருந்த உறை எங்கள் அம்மாமார் இருட்டோடு எழுந்து வெட்டுகிற பாலில் செய்வதுதானே? எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு 1948 ஜூன் 16இல் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதையொட்டி அறிவித்த அவசரகாலமும்தான் நினைவுக்கு வருகின்றன. அதற்கு முன்னும் பின்னும் இங்கே வாழ்ந்த ஆயிரக்கணக்கான பேர் யாருக்கும் நினைவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் அந்த வார்த்தை இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.

புண் ஆறியது, துளையும் மூடியது. சில மாதங்கள் கழித்து அந்த இடத்தில் ஒரு கட்டி. புண்ணின் எல்லையைத் தாண்டி வளர்ந்தது. கீலாய்டு என்று பெயர். நம்மைப் போன்ற கருநிறத் தோலுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் இன்னும் அதிகம். ஊசி மருந்து போட்டுச் சுருக்கலாம். வெட்டி எடுத்தாலும் திரும்ப வரலாம். அவளுக்குத் திரும்ப வந்தது. கல்யாண வீடுகளில் இன்றும் அவளுடைய இடது பக்கத்தில்தான் நான் உட்காருவேன். அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“என் பாட்டி ஆயிரம் காது குத்தினாள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை” என்று கீழே எழுத வருபவர்களுக்கு: உங்கள் பாட்டியை நான் குறை சொல்லவில்லை. ஆயிரம் காது குத்திய கை வேறு, முதல் காதைக் குத்தும் கை வேறு. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்துகிற சடங்கையும் நான் பழிக்கவில்லை. என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் நடந்தது. மஞ்சளைக் குறை சொல்கிறேன் என்றும் சண்டைக்கு வர வேண்டாம். சமையலறை டப்பாவில் கிடக்கும் மஞ்சள் தூள் திறந்த புண்ணுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

குத்துவதையே தொழிலாகச் செய்பவர்களிடம் கூட்டிப்போங்கள். அவர்கள் ஊசி தையல் ஊசி போல் சதையை நெருக்கிக்கொண்டு போகாது. உள்ளே குழலாக, முனை சரிவாகச் சீவியிருக்கும், அறுத்து வழிவிடும். உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், ஒருவருக்குப் போட்டதை எறிந்துவிட வேண்டும். நகைக்கடைத் துப்பாக்கி எனக்கு உடன்பாடில்லை. அதன் பிளாஸ்டிக் உடலை அழுத்த நீராவிக் கலனில் வைத்துக் கிருமி நீக்க முடியாது. ஹெபடைடிஸ் பி போல இரத்தத்தால் பரவும் மஞ்சட்காமாலைக் கிருமி தொற்ற ஒரு துளி இரத்தம்கூடத் தேவையில்லை. நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியதே 1989இல்தான். எங்கள் இருவருக்கும் அது கிடையாது. அன்று அதே ஊசி என் விரலிலும் குத்தியது.

தூர்ந்த காது என்றால் பழைய தழும்பின் மேலேயே குத்தலாமா, தள்ளிக் குத்த வேண்டுமா என்று அவர்கள் தொட்டுப் பார்த்துச் சொல்வார்கள். முதல் தோடு 916 (22 காரட்) தங்கமோ டைட்டேனியமோ இருக்கட்டும். இரவுச் சந்தைத் தோட்டில் நிக்கல் இருந்தால் அரித்துத் தள்ளும். சோணை ஆற ஆறு முதல் எட்டு வாரம். உப்புநீரால் கழுவினால் போதும், திருகிக்கொண்டே இருக்கக் கூடாது. அவளுக்கோ அவள் வீட்டில் யாருக்கோ தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் குத்துவதற்கு முன்பே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தனியாகப் போகக் கூச்சம் என்றால் நீங்கள் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்று எழுதுங்கள் தங்கச்சி. ஈப்போ பக்கம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உங்களோடு வருகிறேன்.