மந்தமான இணைப்பைச் செயற்கையாக உருவாக்குவது: நெட்எம் கேள்வி பதில்

லினக்ஸ் கர்னலோடு (இயங்குதளத்தின் மையப் பகுதி) வரும் நெட்எம், பாக்கெட்டுகளை (வலையில் போகும் தரவுத் துண்டுகள்) தாமதப்படுத்தியும் தொலைத்தும் மோசமான இணைப்பை உருவாக்கித் தரும் கருவி. அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: 100 மில்லிசெகண்ட் தாமதம் மட்டுமே வைத்தேன். போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளை சரியாகக் காட்டுகிறது. ஆனால் ஜிகாபிட் இணைப்பில் பெரிய கோப்பை அனுப்பினால் பாக்கெட்டுகள் தொலைகின்றன. ஏன்?

பதில்: தொலைப்பது நெட்எம்தான். அதன் வரிசையில் இயல்பாக 1,000 பாக்கெட்டுகளுக்குத்தான் இடம். அந்த வேகத்தில் 100 மில்லிசெகண்டுக்குள் 12.5 மெகாபைட் வந்து குவியும். 1,500 பைட் பாக்கெட்டாகக் கணக்கிட்டால் 8,300-ஐத் தாண்டும். இடமில்லாதவை உதிர்ந்துவிடும். வரிசையின் கொள்ளளவான 'லிமிட்' அளவை 10,000 ஆக்குங்கள். பிறகு நெட்எம்மை அமைக்கும் டிசி (tc) கட்டளையின் புள்ளிவிவரத்தில் 'ட்ராப்ட்' (உதிர்ந்தவை) எண்ணைப் பாருங்கள். நீங்கள் இழப்பு கேட்காத சோதனையில் அது சுழியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த முடிவைத் தூக்கி எறியுங்கள்.

கேள்வி: வேக வரம்பு வைத்தும் பதிவிறக்கம் பழைய வேகத்திலேயே இருக்கிறதே?

பதில்: வெளியே போகும் பாக்கெட்டுகளை மட்டுமே நெட்எம் பிடிக்கும். உள்ளே வருபவற்றை ஐஎஃப்பி (லினக்ஸில் உள்ள ஒரு மெய்நிகர் வலைச் சாதனம்) பக்கம் திருப்பிவிட்டு அங்கே வரம்பு வையுங்கள். நடுவில் தனி லினக்ஸ் கணினியை வைத்து இரு பக்கமும் கட்டுப்படுத்துவது இன்னும் நல்லது.

கேள்வி: கைபேசி இணைப்புக்கு 2% இழப்பு வைத்தால் போதுமா?

பதில்: அது கைபேசி இணைப்பே அல்ல. அலைக்கற்றையில் சிதைந்த பாக்கெட்டைக் கோபுரமும் கைபேசியும் தமக்குள்ளேயே திரும்ப அனுப்பிச் சரிசெய்துகொள்கின்றன. செயலிக்கு இழப்பு அதிகம் தெரியாது. தாமதம்தான் திடீரென்று எகிறும். இழப்பு வந்தாலும் கொத்தாக வரும். நெட்எம்மில் உள்ள கில்பர்ட்-எலியட் மாதிரி அதற்காகத்தான்: இணைப்பு நல்ல நிலைக்கும் கெட்ட நிலைக்கும் மாறிக்கொண்டே இருக்கும்.

நான் வற்புறுத்துவது இன்னொரு சோதனையை. ரயில் சுரங்கத்துக்குள் போவதுபோல 20 விநாடிக்கு இழப்பை 100% ஆக்கிவிட்டு நீக்குங்கள். தரவு போய்ச் சேர்வதை உறுதிசெய்யும் டிசிபி நெறிமுறை, பதில் வராதபோது மறுபடி அனுப்பக் காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கும். இணைப்பு திரும்பிய பின்னும் செயலி சில விநாடிகள் அசையாமல் நிற்பது அதனால்தான். பயனர் பொறுமையிழந்து பொத்தானை மீண்டும் அழுத்துவதும் அப்போதுதான். பணம் அனுப்பும் செயலியென்றால் ஒரே பணம் இரண்டு முறை போகிறதா என்று அங்கே பாருங்கள்.

கேள்வி: செயற்கைக்கோள் இணைப்புக்கு எவ்வளவு தாமதம்?

பதில்: புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு திசையில் மட்டும் மேலே போய்க் கீழே வரவே ஏறக்குறைய 240 மில்லிசெகண்ட். போய்வர மொத்தம் 600 என்று வைத்தால் ஒவ்வொரு திசைக்கும் 300 கொடுங்கள். இரண்டிலும் 600 கொடுத்துவிடாதீர்கள்.