பழைய பாட்டைப் போடலாம், அடுத்த பாட்டு தயாரா?

கேள்வி: இரண்டு வருடமாக டிஜே செய்கிறேன். பெரும்பாலும் ஹவுஸ் என்ற எலக்ட்ரானிக் நடன இசையின் புது டிராக்குகள்தான் போடுவேன், 124 பிபிஎம் (நிமிடத்துக்கு 124 தாள அடி) பக்கம். சென்ற மாதம் செட்டின் (ஒரே மூச்சில் போடும் பாட்டு வரிசை) நடுவில் 70களின் டிஸ்கோ பாட்டு ஒன்றைப் போட்டேன். முதல் அரை நிமிடம் எல்லோரும் கத்தினார்கள். பாட்டு முடிவதற்குள் ஃப்ளோரில் பாதிப் பேரைக் காணோம். கூட இருந்த டிஜே, "பழசைப் போடுவது சோம்பேறித்தனம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கிளாசிக் பாடல்களைச் செட்டில் சேர்ப்பதா, விட்டுவிடுவதா?

பதில்: சேருங்கள். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த அரை நிமிடம். கத்தினார்கள் என்றால் பாட்டை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, பிடித்தும் இருக்கிறது. கோளாறு அதற்குப் பிறகு நடந்திருக்கிறது. பாட்டின் வயதைக் குறை சொல்வதற்கு முன் பாட்டுகளை இணைக்கும் மிக்ஸரைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதல் சந்தேகம் சத்தத்தின் மேல்தான். இன்றைய டான்ஸ் டிராக்குகள் மாஸ்டரிங் என்ற கடைசிக் கட்ட ஒலிச் சீரமைப்பில் நன்றாக அமுக்கப்பட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே உரப்பில் வருகின்றன. பழைய பதிவுகளில் ஏற்ற இறக்கம் அதிகம். மீட்டரில் இரண்டும் ஒரே உச்சியைத் தொடும், ஆனால் காதுக்குப் பழையது பக்கத்து அறையில் பாடுவதுபோல இருக்கும். 6, 7 டெசிபல் வித்தியாசமெல்லாம் சாதாரணம். கெயினை, அதாவது அந்தப் பாட்டின் உள்வரும் ஒலி அளவை, ஏற்றினால் சரியாகிவிடும் என்பீர்கள். ஏற்ற இடம் இருக்கிறதா? முந்தைய டிராக்கையே சிவப்பு விளக்கு எரிய எரிய ஓட்டிக்கொண்டிருந்தால், பழைய பாட்டைத் தூக்க மிக்ஸரில் இடமே மிச்சமிருக்காது. அதனால் கிளாசிக் போடப்போகும் இரவில் செட்டின் ஆரம்பத்திலிருந்தே எல்லா டிராக்கின் கெயினையும் கொஞ்சம் அடக்கி வையுங்கள். மென்பொருளின் ஆட்டோ கெயின் பாதி வேலையைச் செய்யும், மீதியை ஹெட்போனில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது பேஸ். வினைல் தட்டில் ஆழமான பேஸை அளவுக்கு மீறிப் பதித்தால் பள்ளம் அகன்றுவிடும், ஊசி துள்ளும். தட்டில் அடங்கும் நேரமும் குறையும். அதனால் அந்தக் காலத்தில் அடிப்பகுதியைப் பார்த்துப் பார்த்துத்தான் விட்டார்கள். நெஞ்சில் இடிக்கும் கிக் டிரம் அடியிலிருந்து நேராக அந்தப் பாட்டுக்குத் தாவினால், ஆடுகிறவரின் காலுக்குக் கீழே தரையை உருவியதுபோல ஆகிவிடும். அடி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் லோ ஈக்யூவைத் திருகி இதைச் சரிக்கட்ட முடியாது. இல்லாத பேஸ் அங்கிருந்து வராது, உள்ளதும் குழம்பும். போய்க்கொண்டிருக்கும் டிராக்கின் பேஸைக் கடைசி 8 அல்லது 16 பாருக்கு (ஒரு பார் நான்கு தாள அடி) முழுதாக வெட்டிவிடுங்கள். அந்த இடைவெளிக்குள் காது பழைய இடியை மறந்துவிடும். அதன்பின் நுழையும் பழைய பேஸ்கூடத் தாராளமாகத் தெரியும்.

மூன்றாவது, டெம்போ. இதில் நானே ஒருமுறை அசிங்கப்பட்டிருக்கிறேன். 70களின் பாட்டொன்றை வேகத்தைத் தானே பொருத்தும் சிங்க் பட்டனை நம்பி ஒரு ஹவுஸ் லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) மேல் ஏற்றிவிட்டு, தண்ணீர் குடிக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது இரண்டு கிக்கும் பிரிந்து, குதிரை ஓடுவதுபோல் தடதடவென்று கேட்டது. முன்வரிசையில் ஒருவர் கையிரண்டையும் காதில் வைத்துக்கொண்டார். பாட்டில் வாசித்தவர் உயிருள்ள டிரம்மர். கோரஸ் வந்தால் உற்சாகத்தில் கொஞ்சம் வேகமெடுப்பார், அடங்கும் இடத்தில் தளர்வார். அந்தப் பாட்டுக்கு உயிரே அதுதான். மென்பொருளோ முழுப் பாட்டுக்கும் சம இடைவெளியில் தாளக் கோடுகள் போட்ட ஒரே பீட் கிரிட்டை விரித்து வைத்திருந்தது.

ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 டிரம் மெஷின் வந்தது 1980இல், டிஆர்-909 வந்தது 1983இல். டிரம் மெஷின் பரவிய பிறகு வந்த டான்ஸ் டிராக்குகள் பெரும்பாலும் கிரிட்டில் சமர்த்தாக உட்காரும். அதற்கு முந்தையவற்றைச் சந்தேகத்தோடுதான் தொட வேண்டும். விதிவிலக்கும் உண்டு: தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் குழுவினர் பாடகி டோனா சம்மருக்காக 1977இல் உருவாக்கிய ‘ஐ ஃபீல் லவ்’ ஏறக்குறைய முழுக்க சிந்தசைசர். ஸ்வரங்களைத் தானாக இசைக்கும் சீக்வென்சர் ஓட்டத்தில் போவதால் இன்றைய டிராக்கோடும் முரண்டு பிடிக்காமல் சேரும்.

மற்றவற்றுக்கு வீட்டிலேயே உட்கார்ந்து 8 பாருக்கு ஒருமுறை கிரிட்டைக் கையால் திருத்துங்கள். பொறுமை இல்லையென்றால் தொடக்கத்தில் ஒரு லூப், முடிவில் ஒரு லூப் எடுத்து ஒரே தட்டில் அந்த இடத்துக்குத் தாவும் ஹாட் க்யூவில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு இடத்தில் மட்டும் மிக்ஸ் செய்யுங்கள். நடுவில் பாட்டு தனியாக ஓடட்டும்.

வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரையும் இழுக்கத்தான் போகிறீர்கள், அதனால் ஒரு கணக்கு. 112இல் இருக்கும் பாட்டை 124க்குக் கொண்டுபோனால் அது 10 சதவீதத்துக்கும் மேல். சுருதியைப் பிடித்து வைக்கும் கீ லாக் இல்லாமல் சுமார் 6 சதவீதம் ஏற்றினாலே சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். கீ லாக் போட்டால் சுருதி நிற்கும், பாடகரின் குரல் தகரம் தட்டும். நான் 4 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. மூன்று நான்கு டிராக் முன்பிருந்தே செட்டின் வேகத்தை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு வருவேன். அதற்கு வழியில்லாவிட்டால் மிக்ஸே வேண்டாம். முந்தையதை எக்கோவில் கரையவிட்டு, ஒரு நொடி மௌனம் கொடுத்து, பாட்டை முதல் ஸ்வரத்திலிருந்து போடுங்கள். தெரிந்த பாட்டுக்கு அந்த மௌனமே கட்டியம் கூறும்.

எந்தப் பதிப்பு போட்டீர்கள் என்பதும் முக்கியம். வானொலிக்கான மூன்று நிமிடப் பதிப்பில் மிக்ஸ் செய்யக் கால் வைக்க இடமிருக்காது. டாம் மோல்டன் போன்ற ரீமிக்ஸ் கலைஞர்கள் 70களின் நடுவில் 12 அங்குல நீள்பதிப்புகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்ததே டான்ஸ் ஃப்ளோருக்காகத்தான். நீண்ட தாளப் பகுதிகள் இருப்பதால் நுழையவும் வெளியேறவும் வசதி. அது கிடைக்கும்போது வானொலிப் பதிப்போடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் நீள்பதிப்பு ஏழெட்டு நிமிடம்கூட ஓடும். உங்கள் ஃப்ளோர் காலியானதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அடையாளம் கண்ட மகிழ்ச்சி முதல் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இரண்டாவது கோரஸுக்குள் அடுத்த டிராக்கை உள்ளே விட்டிருக்க வேண்டும்.

இனி, சோம்பேறித்தனம் என்ற பேச்சுக்கு வருவோம். சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் டிஜே ஃப்ராங்கி நக்கிள்ஸ் வழக்கொழிந்துகொண்டிருந்த டிஸ்கோவை டேப்பில் வெட்டி ஒட்டி, நீட்டிப் போட்டார். ஹவுஸ் என்ற பெயரே அந்தக் கிளப்பின் பெயரிலிருந்து வந்தது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பில் டிஜே லாரி லெவனும் பழசு புதுசு பார்க்கவில்லை. நீங்கள் போடும் இசைக்கே பழைய பாட்டுதான் பாட்டி. உங்கள் நண்பர் இதெல்லாம் தெரியாமல் பேசியிருப்பார் என்று நினைக்கவில்லை. ஃப்ளோர் தளரும்போது தடுக்கி விழுந்தவன் கையில் கிடைத்ததைப் பிடிப்பதுபோல ஒரு பிரபலமான பாட்டை எடுத்துப் போடுவது உண்டு. அதைத்தான் சொல்லியிருப்பார். அது சோம்பேறித்தனம்தான். அப்படிப் போட்டால் அடுத்து வரும் புது டிராக் வெறிச்சென்று நிற்கும்.

அதனால் நான் தலைகீழாகத் தேர்வு செய்வேன். கிளாசிக்குக்கு அடுத்து என்ன என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்தும் பழையதைத் தேடுவேன். அதே பேஸ்லைனைச் சாம்பிளாக வெட்டி எடுத்துப் பயன்படுத்திய புது டிராக், அதே சுருதி, அதே தாளக்கட்டு என்று ஏதாவது ஒரு கண்ணி இருந்தால் போதும். சாம்பிள் எடுத்ததை முன்னால் விட்டு மூலத்தைப் பின்னால் போட்டால் இன்னும் சுவை: "அட, இது அங்கிருந்து வந்ததா" என்று முகங்கள் திரும்பும்.

எத்தனை போடலாம்? ஒரு மணி நேர செட்டில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. முக்கிய டிஜேவுக்கு முன் வரும் வார்ம் அப் செட்டில் எல்லோருக்கும் தெரிந்த பெரிய பாட்டைத் தொடாதீர்கள், பின்னால் வருகிறவரின் சோற்றில் கை வைத்ததாகிவிடும். அங்கே அதே காலத்தின் அதிகம் அறியப்படாத பாட்டு போதும். 20 வயதுக்காரருக்கு 1995இன் டிராக் பழசே இல்லை, அன்றுதான் முதல்முறை கேட்பார்.

இப்போது அந்த டிஸ்கோ பாட்டையும், அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் போட்டவற்றையும் வீட்டில் எடுத்து அதே வரிசையில் மிக்ஸ் செய்து பதிவு பண்ணுங்கள். மறுநாள் காலையில், வேறு வேலை பார்த்துக்கொண்டே, சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் கை வேலையை நிறுத்தி ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்க்கிறீர்களோ, அந்த இடத்தில்தான் அன்று அவர்கள் வெளியே நடந்திருப்பார்கள்.