முகப்பு அழகும் தெருவின் சம்மதமும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பழைய தனி வீட்டை இடித்துவிட்டு, ஸ்டில்ட் பார்க்கிங்கும் (தூண்களுக்கு நடுவே தரைத்தளக் கார் நிறுத்தம்) மூன்று மாடியுமாக ஆறு ஃபிளாட் கட்டப்போகிறோம். தெருவே எதிர்க்கிறது. முகப்பை அழகாகக் கட்டினால் எதிர்ப்பு அடங்குமா? எதில் செலவழிப்பது?
- வாசகர், நங்கநல்லூர்

பதில்: ஓரளவு அடங்கும். சாக்கடை, கார் நிறுத்தம் பற்றிய புகார்களை முகப்பு தீர்க்காது. அவற்றுக்குத் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் ‘நம் தெருவே கெட்டுவிடும்’ என்ற பயத்தை நல்ல முகப்பு குறைக்கும். அந்தப் பயம் நியாயமானது. புதுக் கட்டடங்கள் பலவும் இரண்டு மூன்று மழைக்காலத்திலேயே கறுத்துப்போகின்றன.

அலங்காரத் தூணிலும் கண்ணாடியிலும் பணத்தைப் போடாதீர்கள். முதலில் மழைநீரைக் கவனியுங்கள். சன்ஷேடின் அடியில், வெளிவிளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, அரை அங்குல அகலத்துக்கு நீளவாக்கில் காடி (சிறு பள்ளக்கோடு) விடச் சொல்லுங்கள். காடி இல்லாவிட்டால் தண்ணீர் கீழே சொட்டாமல் அடிப்பக்கத்தை ஒட்டியே ஓடிச் சுவரில் இறங்கும். பாசி படிந்து கருங்கோடு விழுவது இதனால்தான். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் தலையை உள்பக்கமாகச் சரித்துப் பூசுங்கள். வெளிப்பக்கம் சரிந்தால் அங்கே சேரும் தூசி முழுக்க முகப்பில் வழியும்.

ஒன்பது அங்குலச் சுவரில் ஜன்னல் சட்டத்தை வெளிப்பூச்சோடு சமமாக வைக்காமல் நாலு அங்குலம் உள்ளே தள்ளி வையுங்கள். நிழல் விழுந்து சுவருக்கு ஆழம் வரும், சாரல் ஒழுகுவதும் குறையும்.

ஏ.சி. அவுட்டோர் யூனிட்டுக்கு வரைபடத்திலேயே பக்கச் சுவரில் மூன்றரை அடி நீளம், இரண்டடி ஆழத்தில் இடம் ஒதுக்குங்கள். தண்ணீர் வடிய ஓர் அங்குலக் குழாயும் வேண்டும். மறைப்புக்கு ஜாலி (துளையிட்ட தட்டி) வைத்தால் பெரும்பகுதி திறப்பாக இருக்கட்டும். அடைத்துவிட்டால் சூடான காற்று உள்ளேயே சுற்றி, கம்ப்ரஸர் அடிக்கடி நின்றுபோகும்.

தெருவில் நடப்பவர் கண்ணில் படுவது முதல் பத்தடி உயரம்தான். அங்கே அகலம் முழுக்க இருண்ட பார்க்கிங் தெரிந்தால், மேலே என்ன செய்தும் பயனில்லை. கார் நுழையப் பத்தடி வழி விட்டு, மிச்ச அகலத்தில் விதிமுறை அனுமதிக்கும் அளவுக்குப் படிவாசல், காவலர் அறை, ஒன்றரை அடி உயரத் திண்ணை என அமையுங்கள்.

தெருக்காரர்களிடம் வெறும் த்ரீ-டி படத்தைக் காட்டாதீர்கள். இருபக்கத்து வீடுகளையும் அதே அளவில் சேர்த்து வரைந்து, குழாய், தண்ணீர்த்தொட்டி, மீட்டர் பெட்டி எல்லாம் தெரியும் படத்தைக் காட்டுங்கள். மறைத்துக் காட்டினால், நாளை அடுத்தவர் கட்ட வரும்போது அவரையும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்குத்தானே? குறைந்த விலை வீடுகளுக்கு எப்படிப் பொருந்தும்?
- வாசகி, திருச்சி

பதில்: அங்கேதான் அதிகம் தேவை. புது வீடுகளும் குடியிருப்புகளும் அழகாக அமைய வேண்டும் என்பதற்கென்றே இங்கிலாந்து அரசு 2018-இல் ஓர் ஆணையம் அமைத்தது. அழகைக் கேட்டு வாங்குவது, அவலட்சணத்தை மறுப்பது, பேணிக் காப்பது என்ற மூன்றை அதன் 2020 அறிக்கை முன்வைத்தது. அந்நாட்டின் டார்செட் பகுதியில் 1993-இல் கட்டத் தொடங்கிய பவுண்ட்பரி என்ற குடியிருப்பில் 35 சதவீத வீடுகள் எளியவர்களுக்கானவை. வெளியிலிருந்து பார்த்தால் எது யாருடையது என்று தெரியாதபடி கலந்தே கட்டியிருக்கிறார்கள். வியன்னாவில் 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பில் சுமார் 1,400 நகராட்சி வாடகை வீடுகள். நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம், மற்றதெல்லாம் முற்றமும் தோட்டமும்.

மேலே சொன்ன காடிக்கும் கைப்பிடிச் சுவர்ச் சரிவுக்கும் கொத்தனார் கூலிதான் செலவு. குறைந்த விலைத் திட்டங்களில் உண்மையில் தவறுவது பராமரிப்பு. வெளிப்பூச்சையும் குழாய்களையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை செப்பனிட, குடியேறும் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் பணம் சேர வேண்டும். குடியிருப்போரால் முழுதும் செலுத்த முடியாத இடத்தில், மீதிப் பங்கை அந்த வீடுகளைக் கட்டிய வாரியமே ஏற்க வேண்டும்.